சனிக்கிழமை செக்கு ஓட்டாதவங்க

கேள்வி இதுதான்: யூதர்ங்கிறது மதமா இனமா, சாமி நம்பிக்கையே இல்லாதவங்ககூட "நான் யூதன்"னு சொல்றாங்களே அது எப்படி, அப்பா அம்மாகிட்டேருந்து புள்ளைங்களுக்கு அது எப்படித்தான் கைமாறுது, ஊர் ஊரா சிதறிப்போயும் எப்படி அழியாம நிக்குது. சின்ன கேள்வி மாதிரி தெரியும், ஆனா இஸ்ரேல்ல பார்லிமென்ட், கோர்ட்டு எல்லாம் பல தடவ இதுக்காக மண்டைய ஒடச்சிக்கிட்டிருக்கு. எனக்கு இதுல ஒரு சொந்த ஈடுபாடு உண்டு. நான் வளந்தது மும்பை பக்கத்துல தாணேயில, எங்க பக்கத்து ஃபிளாட் ஒரு பெனே இஸ்ரேல் (மராத்தி பேசுற யூதர்) குடும்பம், அந்த வீட்டு மாவ்ஷி (மராத்தியில சித்தி பெரியம்மா மாதிரி) கையால சாப்பிட்டு வளந்தவன் நான். அதனால அமெரிக்கா ஐரோப்பான்னு போகாம எனக்குத் தெரிஞ்ச கொங்கண் கரை யூதர்களை வச்சே சொல்றேன், ஏன்னா இந்தக் கேள்விக்கு அவங்களவிட நல்ல உதாரணம் இல்லன்னு மனசார நம்புறேன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு சீக்கிரமா பாத்துடலாம். யூத மதச் சட்டப்படி (ஹலாக்கான்னு சொல்வாங்க) அம்மா யூதர்னா புள்ள யூதர். அவ்ளோதான். அந்தப் புள்ள கோயிலுக்கே போகலன்னாலும் கடவுளே இல்லன்னு சொன்னாலும் யூதர்தான். அம்மா யூதர் இல்லன்னா முறைப்படி மதம் மாறணும். இது சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி தொகுத்த மிஷ்னாங்கிற யூதச் சட்டத் தொகுப்புல இருக்கு. அதுக்கு முந்தின பைபிள் காலத்துல வம்சமெல்லாம் அப்பா வழியாத்தான் எண்ணுவாங்க, மோசேயோட சம்சாரமே மீதியான் நாட்டுப் பொண்ணு. இன்னிக்கும் ஒரு வேடிக்கையான கலவை இருக்கு பாருங்க, யூதரா இல்லையாங்கிறது அம்மா வழி, ஆனா அந்த யூதருக்குள்ள கோஹேனா (பூசாரி வம்சம்) லேவியா (கோயில் ஊழியர் வம்சம்) அப்படிங்கிறது அப்பா வழி. அமெரிக்காவுல ரிஃபார்ம் பிரிவு 1983ல அப்பா மட்டும் யூதரா இருந்து புள்ளைய யூதரா வளத்தா ஏத்துக்குவோம்னு முடிவெடுத்தது, பழைய சட்டத்தை கறாரா புடிச்சிருக்குற ஆர்த்தடாக்ஸ் பிரிவு இன்னிக்கும் ஏத்துக்கல. இஸ்ரேல் குடியேற்றச் சட்டம் இதவிட அகலம், 1970 திருத்தத்துக்கு அப்புறம் தாத்தா பாட்டியில ஒருத்தர் யூதரா இருந்தாலே பேரன் பேத்திக்கு குடியுரிமை கெடைக்கும். ஆனா அதே ஆளு அங்க போயி கல்யாணம் பண்ணணும்னா ரப்பாய்மார்கிட்ட (யூத மதகுருமார்) போகணும், அவங்க ஹலாக்கா கணக்கைத்தான் பாப்பாங்க. ஒரே மனுஷன் ஒரு ஆபீஸ்ல யூதர், அடுத்த ஆபீஸ்ல இல்ல.

மதமா இனமாங்கிறதுக்கு எனக்குப் புடிச்ச பதில் ரூத்தோட கதையில இருக்கு. ரூத் மோவாப் நாட்டுப் பொண்ணு, யூதர் இல்ல, புருஷன் செத்ததுக்கு அப்புறம் மாமியாரை விட்டுப் போகமாட்டேன்னு நிக்கிறா. அப்ப சொல்றா, உங்க ஜனம் என் ஜனம், உங்க தெய்வம் என் தெய்வம்னு. எந்த வரிசையில சொல்றான்னு பாருங்க. முதல்ல ஜனம், அப்புறம்தான் தெய்வம். குடும்பத்துக்குள்ள வர்றா, குடும்பத்தோட சாமி தானா வருது. தாவீது ராஜா அவளோட கொள்ளுப்பேரன். அதனால மதம் இனம்னு ரெண்டு டப்பா வச்சுக்கிட்டு எதுல போடலாம்னு பாத்தா எதுலயும் அடங்காது, குடும்பம்னு யோசிச்சா புரியும், குடும்பத்துல பொறக்கலாம், கல்யாணம் பண்ணி வரலாம், சண்டை போட்டுட்டு பேசாம இருக்கலாம், ஆனா வெளியேறுறது கஷ்டம்.

இப்ப கொங்கணுக்கு வரேன். பெனே இஸ்ரேல்னா "இஸ்ரவேல் புத்திரர்". அவங்க சொல்ற கதை என்னன்னா ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரு கப்பல் அலிபாக் பக்கத்துல நவ்காவ்ங்கிற ஊர்கிட்ட உடைஞ்சு போச்சு, ஏழு ஆம்பளை ஏழு பொம்பளை மட்டும் பொழச்சு கரையேறினாங்க, செத்தவங்களை அங்கயே புதைச்சாங்க, அந்த இடம் இன்னிக்கும் இருக்கு, நினைவுத்தூணும் நிக்குது. கொண்டுவந்த புஸ்தகமெல்லாம் கடலோட போச்சு. எந்த வருஷம்னு நிரூபிக்க கல்வெட்டு இல்ல. ஆனா 2016ல வந்த மரபணு ஆய்வு ஒண்ணு அவங்க உடம்புல மேற்காசிய யூத வம்சாவளியும் இந்திய வம்சாவளியும் கலந்து இருக்குன்னு சொல்லுச்சு. கதை முழுசா கட்டுக்கதை இல்ல.

கரையேறினவங்க எண்ணெய் ஆட்டுற தொழிலுக்குப் போனாங்க. கொங்கண் கிராமங்கள்ல பரவி, ஊர்ப்பேரோட "கர்" சேத்து குடும்பப்பேர் வச்சுக்கிட்டாங்க, கேஹிம் ஊர்க்காரங்க கேஹிம்கர், நவ்காவ் ஊர்க்காரங்க நவ்காவ்கர், இந்த மாதிரி. மராத்தி பேசினாங்க, பொடவை கட்டினாங்க, தாலியா மங்களசூத்திரம் போட்டாங்க, கல்யாணத்துக்கு மருதாணி வச்சாங்க, மாட்டுக்கறி சாப்பிடல, விதவைக்கு மறுமணம் பண்ணல. ஹீப்ரு மறந்துபோச்சு. தோரா (யூதர்களோட வேத புஸ்தகம்) கையில இல்ல. தாங்க யூதர்ங்கிற வார்த்தையே அவங்ககிட்ட இல்ல. ஆனா ஊர்க்காரங்க அவங்களுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா, "ஷனிவார் தேலி", அதாவது சனிக்கிழமை செக்கார். ஊர்ல மத்த செக்கெல்லாம் சனிக்கிழமை ஓடும், இவங்க செக்கு மட்டும் நிக்கும். ஏன்னு கேட்டா எங்க பெரியவங்க ஓட்டல நாங்களும் ஓட்டல, அவ்ளோதான் பதில்.

நான் இதை முதல்ல படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. மொழி போயிடுச்சு, வேதம் போயிடுச்சு, காரணமே மறந்துபோச்சு, ஆனா வாரத்துல ஒரு நாள் வேலைய நிறுத்துறது மட்டும் அப்பன்கிட்டேருந்து மகனுக்குப் போயிக்கிட்டே இருந்துருக்கு. எண்ணெய் ஆட்டுற ஏழைக்கு ஒரு நாள் செக்கை நிறுத்துறது சும்மா இல்ல, வாரா வாரம் ஒரு நாள் வரும்படி போகும்.

மிச்சம் இருந்தது இன்னும் நாலஞ்சுதான். ஆம்பளப் புள்ளைக்கு எட்டாம் நாள் சுன்னத்து. செதிலும் துடுப்பும் இல்லாத மீனை தொடாம இருக்குறது. சில பண்டிகை. அப்புறம் ஷெமாங்கிற ஒரே ஒரு ஜெபம், அதுலயும் முதல் வரிதான், அர்த்தம் தெரியாம கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதையே சொல்லியிருக்காங்க. கடவுள் ஒருத்தரேங்கிற வரி அது. இதுல ஒரு விஷயம் கவனிங்க, தோராவுல அந்த வரியைத் தொடர்ந்து வர்ற பகுதியே இதை உன் புள்ளைங்களுக்கு சொல்லிக்குடு, வீட்ல உக்காரும்போதும் வழியில நடக்கும்போதும் படுக்கும்போதும் எந்திரிக்கும்போதும் சொல்லுங்கிற கட்டளைதான். அந்தக் கட்டளை என்னன்னே தெரியாமலேயே அதை நிறைவேத்திக்கிட்டு இருந்துருக்காங்க.

பண்டிகைப் பேர்களை கேட்டா இன்னும் புரியும். பாஸ்கா பண்டிகைக்கு புளிச்ச மாவு எதுவும் வீட்ல இருக்கக்கூடாது, எகிப்துலேருந்து அவசரமா கெளம்பினதோட நினைவு. இவங்களுக்கு எகிப்து கதை போச்சு. ஆனா அந்த நாள் வந்தா வீட்ல இருக்குற புளிப்பு ரசப் பானையை மூடி வச்சுடுவாங்க, பண்டிகைக்குப் பேரே "அனாஸி டாகச்சா சண்", அனாஸ் பானை மூடுற பண்டிகை. யோம் கிப்பூர்ங்கிற பாவமன்னிப்பு நாளுக்குப் பேரு "தர்ஃபல்னிச்சா சண்", கதவு சாத்துற பண்டிகை, அன்னிக்கு குளிச்சு வெள்ளை உடுத்தி கதவைச் சாத்திக்கிட்டு விரதம் இருப்பாங்க, வெளியாளுங்களோட பேசவும் மாட்டாங்க. எருசலேம் கோயில் இடிஞ்ச துக்க நாளை முளைகட்டின பயறுக் குழம்போட பேரை வச்சு "பிர்த்யாச்சா சண்"னு கூப்பிட்டாங்க. கதையெல்லாம் உதிந்துபோயி பானையும் கதவும் பயறும் மட்டும் நின்னுச்சு. பொம்பளைங்க கையில இருந்த சாமானுங்கதான் எல்லாம், இதை நான் அழுத்திச் சொல்வேன். எழுதத் தெரிஞ்ச ஆம்பளைங்க காப்பாத்தவேண்டிய விஷயம் கடல்ல போச்சு, எழுதப்படிக்கத் தெரியாத பொம்பளைங்க காப்பாத்தினது இன்னிக்கும் இருக்கு.

அப்புறம் டேவிட் ரஹாபின்னு ஒருத்தர் வந்தார்னு சொல்வாங்க. எந்த நூற்றாண்டுங்கிறதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள பெரிய சண்டை, 1000 வருஷத்துக்கு முன்னாடின்னு ஒரு கட்சி, 18ஆம் நூற்றாண்டுல கொச்சியிலேருந்து வந்தவர்னு ஒரு கட்சி. கதை என்னன்னா இவங்க யூதர்களா இருக்குமோன்னு அவருக்கு சந்தேகம், சோதிச்சுப் பாக்க பொம்பளைங்ககிட்ட கலந்துகட்டி மீனை குடுத்து சமைக்கச் சொன்னார், அவங்க செதில் உள்ளதையும் இல்லாததையும் தனித்தனியா பிரிச்சு, இதை நாங்க தொடமாட்டோம்னு இல்லாததை ஒதுக்கி வச்சுட்டாங்க. அவருக்கு அது போதும். வேதம் தெரியுமான்னு கேக்கல, அடுப்படியைப் பாத்தார். அதுக்கப்புறம் மூணு குடும்பத்து ஆளுங்களுக்கு சடங்கு சொல்லிக்குடுத்தார், அவங்களை காஜின்னு கூப்பிட்டாங்க.

இதே மாதிரி ஒண்ணு போர்ச்சுகல்லயும் நடந்துருக்கு. அங்க 1497ல யூதர்களை கட்டாயப்படுத்தி கிறிஸ்தவங்களா மாத்தினாங்க. பெல்மோண்ட்டேங்கிற மலை ஊர்ல சில குடும்பம் வெளியில சர்ச்சுக்குப் போயி உள்ள வெள்ளிக்கிழமை விளக்கை மறைவா ஏத்திக்கிட்டு நானூறு வருஷம் ஓட்டினாங்க. 1917ல சாமுவேல் ஷ்வார்ட்ஸ்னு ஒரு போலந்து என்ஜினியர் அங்க போயி நானும் யூதன்னு சொன்னா யாரும் நம்பல. கடைசியா ஷெமா சொன்னார். அதுல "அதோனாய்" (ஆண்டவர்) அப்படிங்கிற வார்த்தை வந்ததும் ஒரு கெழவி கண்ணை மூடிக்கிட்டு இவர் நம்மாளுதான்னு சொல்லிட்டாங்க. அங்கயும் ஜெபத்தை நடத்திக்கிட்டு இருந்தது வயசான பொம்பளைங்கதான்.

சரி, எங்க மாவ்ஷி வீட்டுக்கு வரேன். எங்க பாட்டி திருநெல்வேலியிலேருந்து எங்ககூட வந்து தங்கியிருந்தாங்க, ஒரு வார்த்தை மராத்தி தெரியாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்க வீட்ல குத்துவிளக்கு, அங்க மாவ்ஷி வீட்ல மேலேருந்து தொங்குற கண்ணாடி விளக்கு, அடியில தண்ணி, மேல தேங்கா எண்ணெய், அதுல திரி. பாட்டி அதைப் பாத்துட்டு, இவங்களும் வெள்ளிக்கிழமை வெளக்கேத்துறவங்கதான்னு அன்னிலேருந்து சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க. வித்தியாசம் என்னன்னா பாட்டி விளக்கை கொஞ்ச நேரத்துல பூவால குளிர வச்சுடுவாங்க, மாவ்ஷி விளக்கை யாரும் தொடக்கூடாது, தானா எரிஞ்சு தானா அணையணும், சனிக்கிழமை ராத்திரி மூணு நட்சத்திரம் தெரியுறவரைக்கும் அந்த வீட்ல யாரும் தீ பத்தவைக்க மாட்டாங்க. சனிக்கிழமை காலைல எங்க வீட்லேருந்து டீ போட்டுக் கொண்டுபோயி குடுக்கவான்னு ஒரு தடவ கேட்டேன், சின்னப் பையன், மாவ்ஷி சிரிச்சுக்கிட்டே தலையத் தடவிட்டு வேண்டாம்டா பாளா, இன்னிக்கு எங்க வீட்டு அடுப்புக்கு லீவுன்னாங்க.

அந்த வீட்டுச் சமையல்ல தயிர் போட்ட கறிக்குழம்பு நான் பாத்ததே இல்ல. எல்லாம் தேங்காப்பால். ரொம்ப நாள் கொங்கண் பழக்கம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், பாதி சரிதான், மிச்சப் பாதி யூதச் சட்டம், மாமிசத்தோட பாலைச் சேக்கக்கூடாது. தென்னை உள்ள கரையில வந்து இறங்கினது அவங்களுக்கு நல்லதாப் போச்சு. புத்தாண்டுக்கு அல்வா கிண்டுவாங்க, கோதுமைப்பாலும் தேங்காப்பாலும் சேத்து, மணிக்கணக்கா கிண்டணும், கை விட்டுப்போகும், புருஷன் பசங்க எல்லாரையும் முறை வச்சுக் கிண்டச் சொல்வாங்க, என்னையும்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒயினுக்குப் பதிலா காஞ்ச திராட்சை சர்பத். ஊர்ல கோஷர் (யூதச் சட்டப்படி தயாரிச்ச) ஒயின் எங்க கெடைக்கும், கருப்பு திராட்சையை ஊறவச்சு புழிஞ்சு வடிகட்டி அதுமேல ஆசீர்வாதம் சொல்வாங்க.

இதெல்லாத்தையும்விட மலிடா. வேற எந்த நாட்டு யூதர்கிட்டயும் இப்படி ஒரு சடங்கு கெடையாதுன்னு சொல்வாங்க. கல்யாணம், புது வீடு, நோய் தீந்தது, வேண்டுதல் பலிச்சது எதுவா இருந்தாலும் எலியாஹு தீர்க்கதரிசி பேர்ல மலிடா வைப்பாங்க. நனைச்ச அவல், தேங்காத்துருவல், சர்க்கரை, ஏலக்கா, முந்திரி திராட்சை எல்லாம் பெசஞ்சு ஒரு பெரிய தட்டுல கூம்பா குமிச்சு சுத்திவர பழம் அடுக்கி மேல ரோஜா இதழ் தூவி, எல்லாரும் சுத்தி உக்காந்து ஹீப்ருல எலியாஹு ஹனாவின்னு பாடுவாங்க. அலிபாக் பக்கத்துல கண்டாலாங்கிற ஊர்ல ஒரு பாறையில தடம் இருக்கு, எலியாஹு அங்கேருந்துதான் ரதத்துல வானத்துக்குப் போனார், அது ரதச் சக்கரத்தோட தடம்னு சொல்வாங்க. பைபிள்ல அவர் யோர்தான் நதிக்குப் பக்கத்துல போனதா இருக்கு. பெனே இஸ்ரேலுக்கு அவர் கொங்கண்லயும் தடம் விட்டுட்டுப் போயிருக்கார். பக்கத்து வீட்டு இந்து கும்பிடுற மாதிரி இருக்கே, இது யூத மதமான்னு கேக்குறவங்க இருக்காங்க. என் பதில், நூத்துக்கணக்கான வருஷம் ஒரு ஊர்ல இருந்தவங்க அந்த ஊர் அவலை எடுத்து தன்னோட தீர்க்கதரிசிக்குப் படைச்சாங்கன்னா, அது கலப்படம் இல்ல, விசுவாசம்.

இப்ப வலிக்கிற பகுதி. 18ஆம் நூற்றாண்டு கடைசியில நிறைய பேரு கிராமத்தை விட்டு பம்பாய்க்கு வந்தாங்க, பிரிட்டிஷ் படையில சேந்தாங்க. அதுல ஒருத்தர் சாமுவேல் எசேக்கியல் திவேகர், திப்பு சுல்தான் சண்டையில பிடிபட்டு உயிரோட திரும்பினார், நன்றிக்கடனா 1796ல பம்பாயோட முதல் சினகாக்கை (யூதக் கோயில்) கட்டினார். கொச்சியிலேருந்து வாத்தியாருங்க வந்தாங்க. 1846லயே பாஸ்கா ராத்திரி வாசிக்கிற புஸ்தகம் மராத்தியில அச்சாச்சு. பானை மூடுறது எதுக்குன்னு அந்தக் குழந்தைங்களுக்கு கடைசியில தெரிஞ்சுது. எப்பேர்ப்பட்ட நாளா இருந்திருக்கும் அது! ஆனா அதே காலத்துல பாக்தாத்லேருந்து பணக்கார யூதர்களும் பம்பாய்க்கு வந்தாங்க, முதல்ல இவங்களோட கோயில்லயே கும்பிட்டாங்க, அப்புறம் இவங்க ரத்தம் சுத்தமா இல்லன்னு 1836ல இடுகாட்டுக்கு நடுவுல செவுரு கட்டித் தரச்சொல்லி அரசாங்கத்துக்கு மனு போட்டாங்க. ரங்கூன்ல சினகாக் உரிமைக்காக கோர்ட் வரைக்கும் போயி பெனே இஸ்ரேல் ஜெயிக்கவேண்டி வந்துச்சு.

அவங்க மட்டும் அப்படின்னு சொல்லி நான் தப்பிச்சுக்க விரும்பல. பெனே இஸ்ரேலுக்குள்ளயே கோரா, காலான்னு ரெண்டு பிரிவு இருந்துச்சு, வெள்ளை கருப்புன்னு அர்த்தம், உள்ளூர் பொம்பளைக்குப் பொறந்த வம்சம்னா காலா, அவங்களோட கல்யாணம் கெடையாது, பாத்திரம்கூட தனி. கொச்சியிலயும் அதே கதை. பரதேசி யூதர்னு 1568ல மட்டாஞ்சேரியில சினகாக் கட்டினவங்க, அதுக்கு முன்னாடியே பல நூற்றாண்டா அங்க இருந்த மலபார் யூதர்களை சேத்துக்கல. அடிமையா இருந்து விடுதலையானவங்களோட பரம்பரையை கோயில் பெஞ்ச்ல உக்காரவிடல, வாசல் பக்கம் தரையில உக்காரணும். அந்தப் பரம்பரையில வந்த ஆப்ரஹாம் பராக் சேலம்னு ஒரு வக்கீல் கோயிலுக்குள்ளயே சத்தியாகிரகம் பண்ணினார், காலப்போக்குல ஒவ்வொண்ணா உரிமை வந்துச்சு, அவரை யூத காந்தின்னே கூப்பிட்டாங்க. குடும்பம்னு சொன்னேன் இல்லையா, குடும்பத்துல உள்ள அத்தனை அநியாயமும் இதுலயும் உண்டு.

கொச்சியப் பத்தி தமிழ் படிக்கிறவங்க தெரிஞ்சுக்கவேண்டிய ஒண்ணு. அங்க ஒரு செப்பேடு இருக்கு, கி.பி. 1000 வாக்குல சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான்ங்கிற யூத வணிகருக்குக் குடுத்தது. வட்டெழுத்துல எழுதினது, மொழி தமிழுக்கு ரொம்ப நெருக்கம், பகல் விளக்கு, குடைன்னு நமக்கு அப்படியே புரியுற வார்த்தைங்க. 72 உரிமை குடுத்து, யாருக்கெல்லாம்னு சொல்லுது: ரப்பானுக்கு, அவர் ஆண்மக்களுக்கு, பெண்மக்களுக்கு, மருமக்களுக்கு (அக்கா தங்கச்சி புள்ளைங்க), பொண்ணைக் கட்டின மருமகனுக்கு, உலகமும் சந்திரனும் உள்ள காலம் வரைக்கும்னு. யூதச் சட்டமும் இல்ல பிராமணச் சட்டமும் இல்ல, பொண்ணு வழியும் புள்ள வழியும் சேத்து எழுதின ஒரு தென்னாட்டு ஆவணம். ராஜா எழுதிக்குடுத்த வம்சம் அது. கொச்சி பொம்பளைங்க அதே ரப்பானைப் பத்தி மலையாளத்துல பாட்டு கட்டி, நோட்டுல எழுதி அம்மாகிட்டேருந்து மகளுக்கு குடுத்து, 1950கள்ல இஸ்ரேல் போனப்ப அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போனாங்க.

இஸ்ரேலுக்குப் போன பெனே இஸ்ரேலுக்கு நடந்தது கொஞ்சம் விவரமா சொல்லணும். 1948க்கு அப்புறம் ஆயிரக்கணக்குல போனாங்க. இந்தியாவுல அவங்களை யாரும் யூதர்ங்கிறதுக்காக துரத்தல, சொந்த நாடுன்னு நம்பித்தான் போனாங்க. போனா அங்க தோல் நிறத்தைப் பாத்து வேலையும் வீடும் குடுத்தாங்க, 1951-52லயே சில பேரு எங்களை இந்தியாவுக்கே அனுப்பிடுங்கன்னு போராடி திரும்பியும் வந்தாங்க. அப்புறம் 1962ல ரப்பாய் தலைமையகம் ஒரு உத்தரவு போட்டது, பெனே இஸ்ரேல் ஒருத்தர் வேற யூதரைக் கட்டணும்னா அவங்க அம்மா, அம்மாவோட அம்மான்னு எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம் பின்னாடி போயி விசாரிக்கணும்னு. காரணம் என்னன்னா இவங்களுக்கு யூத விவாகரத்துச் சட்டம் தெரியாது, முறையா விவாகரத்து ஆகாத பொம்பளை மறுபடி கல்யாணம் பண்ணியிருந்தா அந்த வம்சத்துக்கே தோஷம். இதுல உள்ள கொடுமையைப் பாருங்க. எந்த ஜனத்துல விவாகரத்தே அபூர்வமோ, விதவைக்குக்கூட மறுகல்யாணம் கெடையாதோ, அந்த ஜனத்துகிட்ட போயி உங்க கொள்ளுப்பாட்டி ரெண்டாம் கல்யாணம் பண்ணாளான்னு கேட்டாங்க. புஸ்தகமே இல்லாம விளக்கையும் பானையையும் காப்பாத்தின அதே பாட்டிங்களைப் பத்தித்தான் சந்தேகம்.

அவங்க விடல. 1964ல பொம்பளைங்க குழந்தைங்களோட எருசலேமுக்கு வந்து உக்காந்துட்டாங்க, வேலைநிறுத்தம், உண்ணாவிரதம். அந்த ஆகஸ்ட்ல பிரதமர் லெவி எஷ்கோலோட அரசாங்கமும் பார்லிமென்ட்டும் பெனே இஸ்ரேல் எல்லா விதத்துலயும் யூதர்கள்தான்னு தீர்மானம் போட்டாங்க, ரப்பாய்மார் உத்தரவுலேருந்து பெனே இஸ்ரேல்ங்கிற பேரை எடுத்துட்டு, சந்தேகம் உள்ள யாரா இருந்தாலும்னு மாத்தினாங்க.

அது சரித்திரத்துல முடிஞ்சது, வீட்ல முடியல. எங்க மாவ்ஷியோட மூத்த மக எழுபதுகள்லயே இஸ்ரேல்ல அஷ்தோத் நகரத்துக்குப் போயிட்டாங்க. பல வருஷம் கழிச்சு அவங்க மகளுக்கு, அதாவது மாவ்ஷியோட பேத்திக்கு கல்யாணம், மாப்பிள்ளை மொராக்கோ யூதர். அங்க ஒரு ஆபீஸ்ல பாட்டி யூதர்ங்கிறதுக்கு அத்தாட்சி கேட்டாங்க. மாவ்ஷி கட்டிலுக்கு அடியிலேருந்து தகரப்பொட்டியை இழுத்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள்ள துணியில சுத்தின கெத்துபாவை எடுத்தாங்க, கல்யாண ஒப்பந்தப் பத்திரம், ஹீப்ரு எழுத்துல, ஓரமெல்லாம் செல்லரிச்சிருந்துச்சு. என்னைத்தான் ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினாங்க. ஒரிஜினலை கடைக்காரன் கையில குடுக்காதே, நீயே வை நீயே எடுன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. திரும்பி வந்தப்ப அவங்க அழுதுக்கிட்டு இருந்தாங்க, நான் அதுக்கு முன்னாடி அவங்க அழுது பாத்ததில்ல. என் அம்மா யாருன்னு எனக்குத் தெரியாதாடான்னாங்க. அதுக்கு நான் என்ன சொல்ல.

ஒரு காலத்துல இருபதாயிரத்துக்கு மேல இருந்த இடத்துல இன்னிக்கு இந்தியாவுல சில ஆயிரம் பெனே இஸ்ரேல்தான், பெரும்பாலும் மும்பை, தாணே பக்கம். மகாராஷ்டிரா அரசு 2016ல அவங்களுக்கு சிறுபான்மை அந்தஸ்து குடுத்தது. 1879ல கட்டின தாணே சினகாக் இன்னும் நடக்குது. அஷ்தோத், ராம்லா, தீமோனா, பீர்ஷேபா பக்கமெல்லாம் போனா மருதாணி வச்ச கல்யாணமும் மலிடாவும் நடக்குது, மராத்தியில பத்திரிகைகூட நடத்தியிருக்காங்க. அங்க பொறந்த பசங்களுக்கு ஹீப்ரு தாய்மொழி, தோரா பள்ளிக்கூடத்துலயே வந்துடும், சனிக்கிழமை நாடே லீவு. கொங்கண்ல எதைக் காப்பாத்த அவ்ளோ கஷ்டப்பட்டாங்களோ அதெல்லாம் அங்க தானா கெடைக்குது. அதனால இப்ப அவங்க பாட்டிகிட்ட கேக்குறது வேற. எகிப்து கதை அவங்களுக்கு தெரியும், பானை எப்படி இருக்கும்னு கேக்குறாங்க. நம்பிக்கை இருக்கா இல்லையாங்கிறது இந்த இடத்துல யாரும் பேசுறதில்ல. நான் பாத்தவரைக்கும் ஒவ்வொரு தலைமுறையும் கைக்கு எட்டாமப் போறதைத்தான் இறுக்கிப் புடிக்குது.

மாவ்ஷியோட கடைசி வருஷங்கள்ல நான் தாணே போனா வெள்ளிக்கிழமையா பாத்துப் போவேன். ஒரு தடவ உக்காந்திருக்கும்போது அந்தப் பேத்தி போன் பண்ணுச்சு, ஸ்பீக்கர்ல போட்டாங்க. அது ஹீப்ருல கேக்குது, இவங்க மராத்தியில பதில் சொல்றாங்க, நடுநடுவுல ரெண்டு பேருக்கும் அந்தப் பொண்ணோட அம்மா மொழிபெயர்க்குறாங்க. கடையில நல்ல ஒயின் அங்க தெருவுக்குத் தெரு கெடைக்குது, ஆனா அந்தப் பொண்ணுக்கு திராட்சை சர்பத் வேணுமாம், புருஷன் வீட்டாளுங்க சாப்பிட வர்றாங்க, எவ்ளோ நேரம் ஊறணும்னு கேட்டுச்சு. மாவ்ஷி போனை வாய்கிட்ட கொண்டுபோயி கத்தினாங்க, ராத்திரி பூரா ஊறணும், கருப்பு திராட்சையா பாத்து வாங்கு, காலைல கையாலயே பெசஞ்சு துணியில வடிகட்டு, மிக்ஸியில போட்டுடாதே, கொட்டை அரைபட்டா கசந்துடும்.